தம்பி வூட்டுச் சேறு

எங்க வூட்டுக்காரரு மாணிக்கவேலுக்கு, சேலையூர்ல கீற எங்க இட்லி மாவு கம்பெனி நாறக் கூடாதாம். அரிசி கழுவுன தண்ணி, கிரைண்டர் கழுவுன தண்ணி எல்லாம் பின்னாடி கீற மூடுன டேங்குக்குத்தான் போவும். காத்தே படாம உள்ள கீற கிருமிங்க அந்தக் கஞ்சியத் தின்னுட்டு தண்ணியத் தெளிய வுடும். அதுல வர்ற கேஸ்லதான் எங்க கேன்டீன் அடுப்பு எரியுது. அது நாறாம சாம்பிராணியா போடும்?

ஆயுத பூஜைக்கு மிஷினெல்லாம் கழுவிப் பொட்டு வெச்சாரு. சொந்தக்காரங்க வர்றாங்களேன்னு, எனக்குத் தெரியாம ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரக் கரைச்சு டேங்குலயும் ஊத்திட்டாரு. அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாரு, கொலையும் பண்ணிட்டு மாலையும் போட்ட கணக்கா. கிருமி பூரா செத்துச்சு, அடுப்பு அணைஞ்சுச்சு, வெளிய வர்ற தண்ணி புளிச்ச மோரா வந்துச்சு.

மாசுக் கட்டுப்பாட்டு ஆளுங்க வந்து பாத்துட்டு, ஒரு மாசத்துல சரியாவலன்னா சீல் வெச்சுடுவோம்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்கள நம்பி வேல செய்யற பொம்பளைங்க எங்க போவாங்க?

வழி ஒண்ணுதான். நல்லா ஓடிக்கினு கீற வேற டேங்குலேர்ந்து, கிருமிங்க உயிரோட கீற கருப்புச் சேறு ஒரு லாரி கொண்டாந்து ஊத்தணும். அந்த மாதிரி டேங்கு பொழிச்சலூர்ல என் தம்பி தனசேகர் கிட்டதான் கீது, அவனும் மாவு யாவாரந்தான். அவன் கம்பெனி தொறப்பு விழாப் பந்தியில உக்காந்துகினு, இன்னாடா கப்பு இது, சாக்கடையிலயா சோறு போடறன்னு இவரு கேட்டாரு. அன்னிலேர்ந்து பேச்சுவார்த்த இல்ல.

நான் கேட்டா தம்பி குடுத்துடுவான். பவுடர ஊத்துனது நீங்க, உங்க வாயாலயே கேளுங்கன்னு நான் அடம் புடிச்சேன்.

கடைசில பொண்ணு கேக்கப் போற மாதிரி தட்டுல வெத்தல, பாக்கு, பழம், பூவெல்லாம் வெச்சுக்கினு கெளம்புனாரு. கூடவே நானும் போனேன். தம்பி தட்ட வாங்கி வெச்சுட்டு, நேரா டேங்காண்ட இட்டுக்கினு போனான். கொழாயத் தொறந்து ஒரு பக்கெட்டு சேறு புடிச்சு, இவரு மூக்குக்கு நேரா நீட்டுனான். வேல செய்யறவங்கல்லாம் வேடிக்க பாத்தாங்க.

"அன்னிக்கு இன்னாவோ சொன்னியே மாமா, இப்ப சொல்லு."

இவரு குனிஞ்சு நல்லா மூச்ச இழுத்தாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. கப்பாலயா, வெக்கத்தாலயா, எனக்குத் தெரியல.

"உயிரோட கீது மச்சான். கொஞ்சம் குடு."

அன்னிக்கே லாரி வந்துச்சு. கெடு முடியறதுக்குள்ள தண்ணி தெளிஞ்சுச்சு, அடுப்பு நீலமா எரிஞ்சுச்சு. அந்த அடுப்புலயே ஆக்கி, தம்பிய சாப்புடக் கூப்ட்டோம். இவரே போய் டேங்காண்ட எல போட்டாரு.

தம்பி உக்காந்தான். சோத்தப் பெசஞ்சுகினே மூக்க உறிஞ்சுனான்.

"இன்னா மாமா, கப்பு அடிக்குது?"

இவரு அவன் எலையில இன்னொரு கரண்டி கொழம்ப ஊத்துனாரு.

"உன் வூட்டுதுதான் மச்சான். சாப்புடு."