வடக்கே மாசானம் டீக்கடை

பால் காய்ச்சிய வேனை வண்டி என்று விற்க முடியாது. வீடு என்றுதான் விற்க வேண்டும். வீடு என்றால் பத்திரம், பத்திரம் என்றால் நான்கு எல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதனால் தளவாய் வியாழக்கிழமை காலையிலேயே பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள பொட்டலுக்குப் போய், வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிற குற்றாலிங்கத்தின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லையச் சொல்லுங்க," என்றார் குற்றாலிங்கம், பேனா மூடியைக் கழற்றியபடி.

"வடக்கே மாசானம் டீக்கடை. தெற்கே காத்தாலை ஒண்ணு. கிழக்கே எருமை. மேற்கே பொதுப்பாதை."

"எருமை நிக்கா, படுத்திருக்கா?"

"படுத்திருக்கு."

"அப்பம் சரி. நிக்கிற எருமைன்னா அளவு மாறிக்கிட்டே இருக்கும்."

எழுதிக்கொண்டார்.

தளவாய் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பேக்கரிக்காரர் ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த வேனை வாங்கி, நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் வைத்தார். வெயில் ஏறினால் இன்றைக்கும் அதில் பன் வாசனை வரும். வீட்டு வாசலில் நிறுத்திப் பால் காய்ச்சுவதாகத்தான் அவருக்கும் அவர் மனைவி கோமுவுக்கும் ஏற்பாடு. ஆனால் வருகிற வழியில் ஆரல்வாய்மொழியில் டயர் பஞ்சர். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நல்ல நேரத்தை விடுகிற ஆள் இல்லை கோமு. சாலையோரத்திலேயே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

பால் பொங்கி வழிந்த அந்த நிமிஷத்தில் வடக்கே மாசானம் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தெற்கே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. கிழக்கே எருமை. மேற்கே பாதை.

அன்று முதல் வேன் போன ஊருக்கெல்லாம் எல்லையும் போயிற்று. எல்லை இல்லாமல் ஒரு வீடு எப்படி இருக்கும்? தனுஷ்கோடியில் காற்றாலை இடுப்பளவு கடலில் நின்றது. ஊட்டியில் எருமைக்குச் சளி பிடித்து, கோமு தன் ஸ்வெட்டரைக் கொடுத்தாள். பொதுப்பாதை மட்டும் கூட வந்ததா, ஏற்கெனவே அங்கே இருந்ததா என்று எந்த ஊரிலும் தெரியவில்லை. காலையில் கதவைத் திறந்தால் மாசானம் பாய்லரைப் பற்ற வைத்திருப்பார். எருமைப் பாலில், இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு, தளவாய்க்கு ஒரு டீ. எப்படி வந்தீர் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தாரிடம் கேட்கிற கேள்வியா அது?

சரி, இவ்வளவு வசதியான வேனை ஏன் விற்க வேண்டும்? கோமுவின் முழங்கால்தான் காரணம். வேனின் படி உயரம். ஏறும்போது ஒரு "முருகா", இறங்கும்போது இரண்டு. தளவாய்க்கும் சிரமம் இருந்தது. கூரை விளக்கில் பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் இடித்து இடித்து, தலையில் அந்த விளக்கு அளவுக்கு ஒரு குழி விழுந்துவிட்டது. புது வேன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தது. படி ஒரு சாண் உயரம்தான். கூரையோ, தளவாய் குடை பிடித்துக்கொண்டு நடக்கலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பழையதைக் கேட்டு வந்தவர் நாசரேத்து ஸ்டெல்லா டீச்சர். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்ற பின்னும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. வந்தவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. நேரே மாசானம் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். இன்னொன்று குடித்தார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, "வேன் புடிச்சிருக்கு," என்றார்.

"இன்னும் உள்ளயே பாக்கலையே டீச்சர்," என்றாள் கோமு.

"அக்கம்பக்கத்தப் பாத்தாச்சுல்லா. வேற என்ன பாக்கணும்?"

அப்போதுதான் தளவாய்க்கு உறைத்தது. வேனை விற்றால் எல்லையும் போய்விடும். காற்றாலை போகட்டும், துணியைக் கொடியில் நிற்க விட்டதில்லை அது. எருமையும் போகட்டும். ஆனால் வடக்கு? நாளை மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வடக்கே மாசானம் இருக்கமாட்டார். டீ இருக்கலாம், எந்த ஊரிலும் யாராவது ஒருவர் போட்டுக் கொடுப்பார். மாசானம் இருக்கமாட்டார்.

"நீரு என்னவே சொல்லுதீரு?" என்று அவரிடமே போய்க் கேட்டார்.

"எல்லை என்னத்த அண்ணாச்சி சொல்லும்? பத்திரம் போற பக்கம் போக வேண்டியதுதான்." மாசானம் டீயை ஒரு முழம் இழுத்து ஆற்றினார். "நாசரேத்துல தண்ணி நல்லாருக்குமா?"

இந்தக் கேள்விதான் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"வடக்க மட்டும் நான் வச்சுக்கிடலாமா?"

"வீட்ட வித்துட்டு சுவர உருவிட்டுப் போகப் பாக்கீரு," என்றார் குற்றாலிங்கம். "ஒத்த எல்லை இல்லாட்டி அந்தப் பக்கம் முழுக்க டீச்சருக்குப் பாத்தியதை ஆயிரும். வடக்க டெல்லி வரைக்கும் அந்தம்மாதான் தீர்வை கட்டணும்."

தளவாய் முகம் தொங்கிப்போயிற்று. குற்றாலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே சுவரு ரெண்டு வீட்டுக்கு எல்லையா இருக்கதில்லையா? புது வேன டீக்கடைக்கு வடக்க நிறுத்திப் பாலக் காய்ச்சும். பழசுக்கு வடக்கே டீக்கடை, புதுசுக்குத் தெற்கே டீக்கடை. ரெண்டு பேருக்கும் பொது."

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார்.

"அப்பம் நீங்க போற ஊருக்கெல்லாம் நானும் வரணும்."

"நீங்க போற ஊருக்கு நாங்களும்தான் வரணும்," என்றாள் கோமு.

"எந்த ஊருக்குன்னு யாரு சொல்லுதது?"

"காலைல யாரு முதல்ல சாவி போடுதாங்களோ அவுங்கதான்."

"நான் நாலரைக்கு எந்திரிச்சிருவேன்."

"அப்பம் ஊரு உங்க இஷ்டம்," என்றாள் கோமு. ஏழு மணிக்கு முன் எழுந்த பழக்கம் அவளுக்குக் கிடையாது. டீச்சர் இதில் திருப்தியாகி, கைகொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் பத்திரத்தோடும் நான்கு எல்லையோடும் நாசரேத்துக்குக் கிளம்பிவிடுவார். பழைய வேனைக் கொண்டுவந்து பொட்டலில் நிறுத்தியதும் காற்றாலையும் மற்றதும் வந்து அதனதன் இடத்தில் நின்றன. புது வேனை டீக்கடைக்கு வடக்கே நிறுத்தினார்கள். கோமு கோலம் போட்டு, வேன் வாசலில் அடுப்பை வைத்து, புதுப் பாத்திரத்துக்குக் குங்குமம் இட்டு, ஒன்பதே முக்காலுக்கு ஏற்றினாள்.

முறையாக அழைத்திருந்ததால் மாசானம் குளித்து, திருநீறு பூசி, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். பால் மெல்ல ஆடை கட்டியது. ஓரம் சுருங்கியது. நடு வீங்கியது. எழும்பிப் பாத்திரத்தின் வாய்வரை வந்தது. வந்ததும் மாசானத்தின் வலது கை தானாகப் போய் அடுப்பைத் தணித்துவிட்டது.

பால் அடங்கி உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க மதினி," என்றார் அவர். "இருவத்திரெண்டு வருசமா ஒரு சொட்டுப் பொங்க விட்டதில்ல. சொன்னா கை கேக்க மாட்டேங்கு."

இரண்டாம் முறை, மாசானத்தைக் கடைக்குள் அனுப்பி, முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பால் எழும்பியது. இருபதடி தூரத்தில் அவர் காது நிமிர்ந்தது. தளவாய் குறுக்கே விழுந்து மறிப்பதற்குள் மனிதர் வந்து, பாத்திரத்தைத் தூக்கி, ஒரு செம்பில் இரண்டு இழுப்பு ஆற்றி, நுரையோடு திருப்பி வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"கடக்காரன்னு சொன்னா இவன்லா கடக்காரன்," என்றார் ஸ்டெல்லா டீச்சர், மிகுந்த மரியாதையோடு. மணி பத்து பதினைந்து.

தளவாய் மாசானத்தின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "மாசானம், உமக்கு நாசரேத்துக்குத் தனியாப் போகணும்னு ஆசையா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. இது என் கையி பண்ணுத வேல. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மூன்றாம் முறை காற்று பிடித்துக்கொண்டது. காற்றாலை வந்த இடத்துக்குக் காற்று வராமல் இருக்குமா. மேற்கேயிருந்து அடித்த அடியில் அடுப்பு நீலமாகப் படுத்து எழுந்தது. பால் சூடேறுவதாகக் காணோம். கோமு இரண்டையும் ஒரே மூச்சில் யோசித்தாள், காற்றையும் கையையும். பழைய வேனிலிருந்து மழைக்குப் போர்த்துகிற படுதாவை இழுத்து வந்தாள்.

"தம்பி, ரெண்டு கையாலயும் இத விரிச்சுப் புடிச்சுக்கிட்டு மேக்க நில்லுங்க. விட்டா அடுப்பு அணைஞ்சிரும்."

மாசானம் கையை அகல விரித்து, ஒரு சிலுவைபோல நின்றார். படுதா புடைத்தது. அடுப்பு நிமிர்ந்தது. பத்து இருபத்து மூன்றுக்கு ஆடை கட்டியது.

"மதினி, பாலு."

"தெரியுது."

"நடுவுல வீங்குது மதினி."

"வீங்கட்டும்."

"அடுப்பக் கொஞ்சம், ஒரு பொட்டு..."

"படுதாவப் புடிங்க."

அவர் விரல்கள் படுதாவுக்குள் இல்லாத அடுப்பைத் திருகிப் பார்த்தன. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார். பால் ஏறியது, வாயைத் தாண்டியது, கிழக்குப் பார்த்து வழிந்தது. கோமு குலவை போட்டாள். தளவாய் பூசாரிக்கு முன்னால் நிற்பதுபோலக் கைகூப்பிக்கொண்டார். மணி பத்து இருபத்தாறு.

குற்றாலிங்கம் பேனாவைத் திறந்தார். வேன் வீடாகிவிட்டது. பால் பொங்கிய நிமிஷத்தில் இருந்தபடியே எல்லை எழுத வேண்டியதுதான்.

"தெற்கே, டீக்கடை," என்று எழுதினார். "கடையில ஆளு?"

எல்லோரும் கடையைப் பார்த்தார்கள். பாய்லர் மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

"ஆளில்லா டீக்கடை," என்று திருத்திக்கொண்டார். "மேற்கே, படுதா பிடித்து நிற்கும் ஆரல்வாய்மொழி மாசானம். கிழக்கே..." நிமிர்ந்து பார்த்தார். கிழக்கே அவருடைய மேஜையும், மேஜைக்குப் பின்னால் அவரும் இருந்தார்கள். "கிழக்கே, குற்றாலிங்கமாகிய நானும் என் மேஜையும்," என்று எழுதி மை ஒற்றினார். வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லையே என்று மட்டும் முணுமுணுத்தார்.

வடக்கே, பால் பொங்குவதைப் பார்க்க டிரைவர் நிறுத்தியிருந்த டவுன் பஸ். பயணிகள் முப்பத்தொரு பேர், அதில் இருவர் படியில்.

பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாசானத்தின் கை இரண்டும் படுதாவில் இருந்ததால் அவருடைய கட்டை விரலை மட்டும் படுதாவோடு சேர்த்துத் தாளில் உருட்டினார்கள்.

"கட எனக்கு வடக்க இருக்குல்லா, அது போதும்," என்றார் டீச்சர். "இனிமே டீ யாரு போடுவா?"

படுதாவுக்குப் பின்னாலிருந்து மாசானத்தின் குரல் வந்தது.

"ஏலக்காய இடிக்கப்படாது அண்ணாச்சி. தட்டணும். ரெண்டே ரெண்டு தட்டு."

சனிக்கிழமை டீச்சர்தான் முதலில் சாவி போட்டார். தளவாய் கதவைத் திறந்தபோது இரண்டு வேனும் ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நின்றன. படி தாழ்வாக இருந்ததால் இறங்கியதே தெரியவில்லை. மேற்கே மாசானம், படுதாவை விரித்துப் பிடித்தபடி. தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத கடைக்குள் ஏறி, பாய்லரைப் பற்ற வைத்தார். பஸ்ஸிலிருந்து முப்பத்தொரு பேரும் கண்டக்டரும் இறங்கி வரிசையாக நின்றார்கள்.

ஐந்தரைக்கு விசில் கேட்டது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம், டீச்சர் தன் பத்திரத்தில் உள்ளவற்றை வைத்து உடற்பயிற்சி ஆரம்பித்தார்.

"கையத் தூக்கு," என்றார்.

காற்றாலை தூக்கியது. அதற்கு மூன்று கை என்பதால் கொஞ்சம் நேரம் கொடுத்தார். பொதுப்பாதை வளைந்து நிமிர்ந்தது. எருமைக்குப் படுத்தபடியே செய்ய அனுமதி.

தளவாய் ஏலக்காயை இரண்டு தட்டுத் தட்டி முதல் டீயைப் போட்டு, மேற்கே எடுத்துப் போய், மாசானத்தின் வாயருகே பிடித்தார். மாசானம் ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தார்.

"சீனி தூக்கல் அண்ணாச்சி."

"நாளைக்குக் கொறைக்கேன்."

"நாளைக்குக் கொறைங்க. இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு." முழு டம்ளரையும் குடித்தார்.

"உக்காரு," என்றார் அங்கே டீச்சர்.

தளவாய் திரும்பி வந்தபோது டீக்கடை முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் மூன்று டீ கேட்டார், ஒன்று சீனி இல்லாமல். தளவாய் காலி டம்ளரோடு ஓரமாக நின்று, டீச்சர் "எந்திரி" சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னார். கடை மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து நின்றதும், அவர் ஏறி அடுத்த பாலை வைத்தார்.