இரண்டாம் தாள்

அக்கா சொன்ன கதைகளை எல்லாம் தம்பி பல வருடம் அப்படியே நம்பினான். குளியலறையில் வழுக்கியது, அலமாரிக் கதவு நெற்றியில் பட்டது, கடைசியாகப் பியானோ மூடி கையில் விழுந்தது. "தானா விழுந்துடுச்சுடா, நான்தான் கவனிக்கல" என்று கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அவள் சொன்னபோதும் தலையாட்டிவிட்டு வந்தான். இத்தனைக்கும் அவன் ஒரு பள்ளியில் பாட்டு வகுப்புக்குப் பியானோ வாசிக்கிறவன். நம்புவது வசதியாக இருந்தது, நம்பினான்.

ஒரு நாள் அக்கா வீட்டுக் கூடத்தில் யாரும் இல்லாத சமயம் அந்த மூடியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தான். கீல் அவ்வளவு இறுக்கம். தட்டினான், நின்றது. பியானோவையே பிடித்து உலுக்கினான், அப்போதும் நின்றது. உள்ளங்கையை வைத்து ஓங்கித் தள்ளியபோதுதான் விழுந்தது.

அதுவரை அக்கா புருஷனை 'அவர்' என்று நினைத்தவன் அன்றோடு மனதுக்குள் 'அவன்' என்று மாற்றிக்கொண்டான். நாமும் அப்படியே சொல்வோம். ஒன்றும் குடி முழுகிப் போகாது.

அந்த அத்தான் பெயர்பெற்ற பியானோக் கலைஞன். பத்திரிகைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'பட்டுக்கை'. அவன் மெதுவான பகுதிகளை வாசிக்கும்போது முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். அந்தக் கை வீட்டில் என்ன செய்கிறது என்று தம்பி அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான். "கலைஞன்னா கொஞ்சம் கோபம் இருக்கத்தான்டா செய்யும், நீ ஊதிப் பெருசாக்காத" என்றாள் அம்மா. காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி, "யாரு, பட்டுக்கையா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் மனைவி பட்டுக்கையின் பரம ரசிகையாம்.

போன மாதம் பியானோமேல் பால் தம்ளரை வைத்தாள் என்று ஆறு வயது மகளைத் தூக்கிச் சுவரில் அடித்தான் பட்டுக்கை. குழந்தையின் காதிலிருந்து ரத்தம் வந்தது. மறுநாள் அக்கா போன் செய்தாள். இந்த முறை கதவும் இல்லை, அலமாரியும் இல்லை.

"எங்க ரெண்டு பேரையும் இங்கேருந்து அனுப்பி வச்சிடுடா. இல்லேன்னா பாப்பாவைக் கொன்னுடுவார்."

பட்டுக்கை வெளியே போகும்போதெல்லாம் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். தம்பி எப்படியோ மாற்றுச் சாவி செய்து கொடுத்தான். பட்டுக்கையின் அடுத்த கச்சேரி நாளன்று மாலை ரயில் என்று முடிவாயிற்று. அது எல்லையைத் தாண்டிப் போகிற ரயில், அங்கே அக்காவின் தோழி இருக்கிறாள். நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றான் தம்பி.

"நீ வராத. நீ எப்பவும்போல மேடையில அவர் பக்கத்துலேயே உட்காரு. நீ தாள் எடுத்து வைக்கிற வரைக்கும்தான் அவர் அந்த ஸ்டூல்ல இருப்பார்."

அடித்து நொறுக்கினவனை அவள் வாய் இன்னும் 'அவர்' என்றுதான் சொன்னது. பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா.

பட்டுக்கை இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து மட்டுமே வாசிப்பான். அதற்குக் காரணம் இருந்தது. அவன் வாசிக்கிற சொனாட்டா, ஒரே பகுதியாக ஓடுகிற ஒரு பியானோ உருப்படி. அதில் முதலில் ஒரு மெட்டு வரும், அது உருப்படியின் சொந்தச் சுருதியில், வீட்டுச் சுருதி என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு பாலம். அதன் வழியாக வெளியே போனால் வேறு சுருதியில் இரண்டாவது மெட்டு. அது முடிகிற இடத்தில் இரட்டைக் கோடும் இரண்டு புள்ளியும் போட்டிருக்கும், மறுபடி முதலிலிருந்து வாசி என்று அர்த்தம். இதைத்தான் ரிப்பீட் என்பார்கள். அப்புறம் நடுப்பகுதி. அங்கே இரண்டு மெட்டையும் பிய்த்துப் போட்டு அடித்துத் துவைப்பார்கள். கடைசியில் முதல் மெட்டு வீடு திரும்பும், பின்னாலேயே பாலமும் வரும். ஆனால் இந்த முறை பாலம் வெளியே போகாமல் பாதியில் வளைந்து உள்ளேயே நின்றுவிடும். இரண்டாவது மெட்டும் வீட்டுச் சுருதியில் அடங்கிப் போகும்.

வம்பு அந்தப் பாலத்தில்தான். முதல் தடவை வருவதும் கடைசியில் வருவதும் தொடக்கத்தில் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். மனப்பாடமாக வாசிக்கிறவன் ஒரு கணம் அசந்தால் கடைசிப் பாலத்தில் ஏறி முதல் வழியில் வெளியே போய்விடுவான். போனால் மறுபடி இரட்டைக் கோட்டில்தான் வந்து நிற்பான். செக்குமாடு மாதிரி சுற்றலாம், முடிவுக்கு வழி கிடைக்காது.

சில வருடங்களுக்கு முன் பட்டுக்கை மேடையில் அப்படிச் சுற்றினான். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த அக்கா தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள், அதை அவன் பார்த்துவிட்டான். அன்று வீட்டுக்குப் போனதும்தான் அக்கா கையில் மூடி விழுந்தது. அவளும் பியானோ வாசிக்கிறவள்தான், அதன்பிறகு வாசிக்கவில்லை. அவன் தன் தலையை நம்புவதை விட்டுத் தாளை நம்ப ஆரம்பித்தான். புத்தகம் என்றால் தானே மூடிக்கொள்கிறது என்று ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தாளாக நகலெடுத்து வைத்துக்கொண்டான். இடப்பக்கம் உட்கார்ந்து தாளை எடுத்து வைக்க மச்சினன் இருக்கவே இருந்தான்.

கச்சேரியின் முதல் பாதி முடிந்து இடைவேளை. இரண்டாம் பாதியில் அதே சொனாட்டா. ஒப்பனை அறையில் பட்டுக்கை போனைக் காதிலிருந்து எடுத்தான். கதவைச் சாத்தினான். தம்பியின் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினான்.

"கீழ்வீட்டுக்காரர் பேசினார். மேல பெட்டி இழுக்குற சத்தம் கேக்குதாம், கதவு திறந்து கிடக்காம். சாவி என் பாக்கெட்டுல இருக்கு. யாருடா திறந்தது?"

"எனக்கு எப்படித் தெரியும் அத்தான்."

விலாவுக்குக் கீழே குத்து விழுந்தது. தம்பி மடங்கினான். இன்னொன்றும் அதே இடத்தில். முகத்தில் அடிக்கவில்லை, மேடைக்குப் போக வேண்டுமே. எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்பதில் அவனுக்குப் பல வருடப் பயிற்சி.

"இந்த நேரத்துல ஒரு ரயில்தான் இருக்கு. அது கிளம்பறதுக்குள்ள நான் அங்க இருப்பேன். ரிப்பீட் வேணாம், நேரா நடுப்பகுதிக்குப் போறோம். முடிச்சதும் நீயும் என்கூட வர்ற. உங்கக்காவைத் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றதை நீ பாக்கணும்."

அப்போதே ஓடியிருக்கலாம்தான். ஆனால் வெளியே அரங்கம் நிறைந்து கிடந்தது, மணி அடித்துவிட்டது. பெண்டாட்டியை உதைப்பதில் போகாத மானம் கச்சேரியைப் பாதியில் விட்டால் போய்விடும் அவனுக்கு. டையைச் சரிசெய்துகொண்டான். தம்பியின் சட்டைக் காலரையும் அவனே இழுத்துவிட்டான்.

கைதட்டலுக்கு நடுவே இருவரும் போய் உட்கார்ந்தார்கள். தம்பிக்கு மூச்சு விடும்போதெல்லாம் விலா குத்தியது. பட்டுக்கை பேய் பிடித்தவன்போல் ஓட்டினான். முதல் மெட்டு, பாலம், இரண்டாவது மெட்டு எல்லாம் தலைதெறிக்க ஓடின. இந்த வேகத்தில் போனால் ரயிலைப் பிடித்துவிடுவான் என்று தம்பிக்குப் புரிந்தது. அக்கா ஸ்டேஷனில் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இரட்டைக் கோடு வந்தது. ஐந்தாம் தாளை வைக்க வேண்டிய இடத்தில் தம்பி முதல் தாளை வைத்தான்.

பட்டுக்கையின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. நடுப்பகுதி மனப்பாடம் இல்லை. எதிரே இருந்தது முதல் பக்கம், பின்னால் நூற்றுக்கணக்கான காதுகள். வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். வாசித்துக்கொண்டே இடது பூட்ஸ் முனையால் தம்பியின் கெண்டைக்காலில் உதைத்தான். ஒவ்வொரு அழுத்தமான சுரத்துக்கும் ஓர் உதை. தோல் உரிந்து காலுறைக்குள் ரத்தம் இறங்கியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தாள்.

"செத்தடா நீ" என்றான் பட்டுக்கை, உதடு அசையாமல்.

இரண்டாம் சுற்று முடிந்து ஐந்தாம் தாள் வந்தது. நடுப்பகுதியை அவன் வாசித்தான் என்று சொல்லக்கூடாது, கட்டைகளை அறைந்தான். இழந்த நேரத்தை எல்லாம் பிடித்துவிடுவான்போல் இருந்தது. இவன் வாசித்து முடித்து எழுந்தால் அக்கா செத்தாள், பாப்பாவும் செத்தாள். தம்பிக்கு உயிரே போகிற பயம். ஆனால் அக்கா இந்தப் பயத்தோடு எட்டு வருடம் சமைத்துப் போட்டிருக்கிறாளே என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அந்த அவமானம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் மெட்டு வீடு திரும்பியது. அடுத்து பாலம், ஒன்பதாம் தாள். தம்பி அதை அடியில் தள்ளிவிட்டு இரண்டாம் தாளை வைத்தான்.

பட்டுக்கை தாளை நம்பினான். நம்பிப் பாலத்தில் ஏறி, முதல் தடவை போன அதே வழியில் வெளியே போனான். இரண்டாவது மெட்டு அந்நியச் சுருதியில் ஆரம்பித்தது. நாலைந்து சுரம் போன பிறகுதான் அவன் காது விழித்துக்கொண்டது. திரும்பி வரப் பார்த்தான், வழி தெரியவில்லை. வலது கை ஒரு பக்கம் போயிற்று, இடது கை ஒரு பக்கம் போயிற்று. பிறகு இரண்டும் நின்றன.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்றைக்கு மாதிரியே.

தாள் ஒன்று நழுவிக் கட்டைகள்மேல் விழுந்தது. தம்பி அதை எடுக்கக் கை நீட்டினான். பட்டுக்கை எழுந்து மூடியைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டு இறக்கினான்.

எலும்பு முறிகிற சத்தமும் நசுங்கிய கட்டைகளின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. மூடியைத் தூக்கி மறுபடி இறக்கினான். தம்பி அலறினான். அவன் தலைமுடியைப் பிடித்துப் பியானோவின் விளிம்பில் மோதினான் பட்டுக்கை, ஒருமுறை, இன்னொருமுறை. "எங்கடா அவ? எங்கடா அனுப்பின?" என்று கத்திக்கொண்டே மோதினான். தாள்களில் ரத்தம் தெறித்தது. அரங்கத்தில் ஒரு பெண் கிறீச்சிட்டாள். திரை இழுக்கிறவர் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவர் மூக்கையும் முழங்கையால் உடைத்தான். நாலு பேர் சேர்ந்துதான் அவனைத் தரையில் அமுக்க முடிந்தது.

கீழே கிடந்த தம்பி ஒற்றைக் கண்ணால் அரங்கத்தைப் பார்த்தான். எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். முன்வரிசையில் அந்தக் காவல் அதிகாரியும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதிகாரி சிரிக்கவில்லை, வாசலில் நின்ற காவலரிடம் விலங்கை வாங்கிக்கொண்டு மேடையேறி வந்து மாட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நடந்து முடிந்தது. தம்பிக்கு அந்த வலியிலும் சந்தோஷமாக இருந்தது.

மருத்துவமனையில் வலது கையை மரக்கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். மூன்று விரல் இனி மடங்காது என்று மருத்துவர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னது அவன் காதில் விழுந்தது. போன் அடித்தது. இடது கையால் எடுத்தான். அந்தப் பக்கம் ரயில் ஓடுகிற சத்தம்.

"எல்லை தாண்டியாச்சுடா. பாப்பா தூங்கறா. நீ எங்க இருக்க?"

"வீட்டுலதான்க்கா."

"குரல் ஏன் இப்படி இருக்கு? அவன் உன்னை அடிச்சானா?"

அக்கா வாயில் அந்த 'அவன்' வந்ததைத் தம்பி கவனித்தான்.

"அதெல்லாம் இல்லக்கா. பியானோ மூடி கைல விழுந்துடுச்சு. தானா விழுந்துச்சு, நான்தான் கவனிக்கல."

ரயில் சத்தத்துக்கு நடுவே அக்கா அழுகிறாள் என்று தெரிந்தது.

"தானா விழாதுடா" என்றாள். "எந்த விரல், சொல்லு."