அமாவாசைக்கு மட்டும் கேட்கும் குரல்

செல்லூரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் சந்து முழுக்க விசைத்தறி மோட்டார்களின் இரைச்சல் ஹரிராமின் ரேடியோவை அமுக்கிவிடும். ஆகவே மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அவனால் மொட்டைமாடியில் உட்கார்ந்து உருப்படியாக எதையாவது கேட்க முடியும்.

ஹரிராம் தறி மெக்கானிக். தொண்ணூற்று நாலில் வீட்டிலிருந்தே வயர்லெஸில் பேச அனுமதி தரும் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதினான். கூடவே எழுதியவன் கொட்டாம்பட்டி சிவபாண்டி, பள்ளிக்கூட லேபில் வேலை. இரண்டு பேரும் பாஸ். சிவபாண்டிக்கு எட்டு மாதத்தில் லைசென்ஸ் வந்தது. ஹரிராமுக்கு இரண்டு வருஷமாகியும் வரவில்லை. லைசென்ஸ் இல்லாதவன் கேட்கலாம், பேசக் கூடாது.

இருவருக்கும் ஒரே ஆசைதான். தலைக்கு மேலே போகும் பழைய ரஷ்யச் செயற்கைக்கோள் வழியாக ஒரு தடவை பேசிவிட வேண்டும். பஸ் ஏறிப்போய்ச் சொல்லிவிடக்கூடிய சேதியை ஆயிரம் கிலோமீட்டர் மேலே அனுப்பி இறக்குவானேன் என்று கேட்டால், அந்தக் கிறுக்குப் பயல்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது. கோளோ எப்போது மூச்சை நிறுத்துமோ என்ற நிலையில் இருந்தது. ஹரிராம் டிரான்ஸ்மிட்டரைக் கட்டி முடித்து வைத்திருந்தான். பேட்டரி வயரை மட்டும் மாட்டவில்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி கடிதம் வந்தது. காவல்துறை விசாரணையில் மனுதாரர் அந்த முகவரியில் இல்லை என்று தெரிந்ததால் மனு முடித்துவைக்கப்பட்டதாம். அவன் பிறந்ததே அந்த வீட்டில்தான். சிரித்துக்கொண்டே மனைவி ஸ்வப்னாவிடம் படித்துக் காட்டினான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன வருஷம் அவன் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்து, இங்கே வயர்லெஸ் வைக்கப்போகிற ஹரிராம் யார் என்று கேட்டாராம். அவளுக்குப் பக்கத்துச் சந்து ராகேஷ் ஞாபகம் வந்தது. தொண்ணூற்று ஒன்றில் ரேடியோ ரிப்பேர்க் கடையிலிருந்து வயர்லெஸ் சந்தேகத்தில் போலீஸ் விசாரணைக்குப் போனவன் மூன்று நாள் கழித்துத் திரும்பினான். அப்புறம் கடையைத் திறக்கவே இல்லை. வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசுகிறவள், போலீஸ்காரரிடம் சொன்னதை மட்டும் சொன்ன மாதிரியே தமிழில் சொன்னாள்.

"அப்படி யாரும் இந்த வீட்ல இல்லீங்க."

ஹரிராம் சாப்பிடவில்லை. எஸ்டிடி பூத்துக்குப் போய்ச் சிவபாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்வப்னாவோடு இரண்டு நாள் பேசவே இல்லை. அவளை மன்னிக்கவே கூடாது என்று நினைத்தான், மனதார நினைத்தான்.

அமாவாசை காலை பத்து மணிக்குச் சந்து அடங்கிக் கிடந்தது. கோள் மேலே வந்ததும் அதன் வழியாக ரேடியோவில் சிவபாண்டி வந்தான். லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொன்னவன், சொல்லக் கூடாததையும் சொன்னான்.

"மாப்ள, மறுபடி எழுதிப் போட்டா இன்னும் ரெண்டு வருசம் ஆகும். இது அம்புட்டு நாள் தாங்காது. ஒரு தடவ பேசிரு. பேருகூடச் சொல்ல வேணாம், நான் கண்டுக்கிருவேன்."

தன் லைசென்ஸ் போனாலும் போகட்டும் என்று அவன் கூப்பிடுகிறான். ஸ்வப்னா படியேறி வந்து நின்று அதைக் கேட்டாள். குனிந்து, பேட்டரி வயரை அவளே மாட்டினாள். மைக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ஹரிராம் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தான். கீழே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம். ராகேஷின் கடைக் கதவு கண் முன்னால் வந்தது. விரல் அமுங்கவில்லை. சிவபாண்டி திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கோள் அடிவானத்தில் இறங்க இறங்க அவன் குரல் தேய்ந்து, கடைசியில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

ஏன் பேசவில்லை என்று அவள் கேட்டாள். பயமாக இருக்கிறது என்று சொன்னான். அவள் வயரைக் கழற்றிவிட்டுக் கீழே போனாள்.

அடுத்த அமாவாசைக்குக் கோள் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. அவள் மேல் கோபப்படக்கூட இனி தனக்கு வழியில்லை என்று ஹரிராமுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் கீழே போய், அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டான்.