கடிகாரத்தில் அண்ணன் எண்

அந்தக் கைப்பேசி விளையாட்டில் எல்லோர் இடது கையிலும் ஒரு கடிகாரம் உண்டு. ஊரே வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். நீந்தி, ஏறி, ஒளிந்து தப்பிக்க வேண்டும். எங்கே நிற்கிறோம், மூச்சு இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும், கூட்டாளி உயிரோடு இருக்கிறானா என்பதையெல்லாம் அந்தக் கடிகாரம்தான் சொல்லும். டார்ச் கூட அடிக்கும். காப்பி மட்டும்தான் போடாது. அந்தக் கடிகாரம் பேசும் தமிழை எழுதுவது என் வேலை. கம்பெனி சென்னையில். நான் திருப்பாதிரிப்புலியூரில், வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன்.

அவர்கள் அனுப்பும் பட்டியலில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். 'ஏதாவது ஓர் இடத்தின் பெயர்', 'ஏதாவது பத்து இலக்கம்' என்று பக்கத்தில் குறிப்பு இருக்கும். இடத்துக்குப் பெயர் வைக்க நான் எங்கே போவேன்? கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்களையே போட்டு நிரப்பினேன். புளியந்திடல், கொல்லைமேடு, பண்ணை வாய்க்கால் மதகு.

மூச்சு குறைந்ததும் கடிகாரத்தில் 'உதவி எண்' என்று சிவப்பில் மின்ன வேண்டும். அந்தக் கட்டத்தில் என் அண்ணன் அருண்பாண்டியனின் எண்ணைப் போட்டேன். அண்ணன் பைக் விபத்தில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. எண் எப்போதோ செத்துப் போயிருக்கும், யாருக்கும் தொந்தரவில்லை, அவன் நினைவாக எங்கேயாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்து, என்னை நானே மெச்சிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. அத்தனை பெரிய அறிவாளி நான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. சோதனைக்காக முந்நூறு பேருக்கு மட்டும் விளையாட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு, கம்பெனியில் என் வேலையை மேற்பார்வையிடும் ராபர்ட் சார் போனில் கூப்பிட்டார். குரலில் ஒரே குஷி.

"கயல், அந்த உதவி எண் ஐடியா சூப்பர். யாரு அந்த அம்மா?"

"எந்த அம்மா சார்?"

"நம்பருக்குப் போன் பண்ணா ஒரு அம்மா எடுக்கறாங்களாம். எங்கப்பா இருக்க, தண்ணி எவ்ளோ இருக்கு, பயப்படாதன்னு கேக்கறாங்களாம். நிஜ ஆளையே உட்கார வெச்சிருக்காங்கன்னு எல்லாரும் கூப்பிட்டுப் பாக்கறாங்க."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அண்ணன் எண்ணை அழுத்தினேன். எங்கேஜ்டு. செத்துப்போன எண் எங்கேஜ்டாக இருக்காது. அம்மாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஊரில் அம்மாவின் பக்கத்து வீட்டுக் கொளஞ்சி மாமாவைக் கூப்பிட்டேன்.

"நான் புவனகிரில இருக்குறேன் கயலு. கெளம்பும்போது பாத்தேன், ஒங்கம்மா கொடையும் தாம்புக்கயிறுமா போச்சு. எங்கக்கா போறன்னு கேட்டா, மதகுகிட்ட ஒரு புள்ள மாட்டிக்கிச்சாம்னு சொல்லிக்கினே போச்சு. வாய்க்கால்ல தண்ணி ஜாஸ்தியா வருது, நீ போன் பண்ணிச் சொல்லு."

"மாமா, நீங்க திரும்பிப் போங்க. ஒடனே போங்க."

"ஏன், என்னாச்சு?"

"போங்க மாமா. அங்க யாரும் மாட்டிக்கல."

குடை கூட எடுக்காமல் ஓடினேன். சிதம்பரம் பேருந்து நகர ஆரம்பித்திருந்தது, ஏறிவிட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. அப்பா போன பிறகு தனியாக இருக்கிறாள். மதகின் மேல் கைப்பிடிச் சுவர் கிடையாது. சின்ன வயதில் அதில் நடந்ததற்காக என் முதுகில் விளக்குமாற்றால் அடித்தவள் அவள்தான்.

மறுபடி அண்ணன் எண். எங்கேஜ்டு. எங்கேஜ்டு என்றால் பேசிக்கொண்டிருக்கிறாள், பேசிக்கொண்டிருந்தால் விழவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்த டொய்ங் டொய்ங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். என் வாழ்நாளில் அதைப் போல ஆறுதலான சத்தம் எதுவும் கேட்டதில்லை.

ராபர்ட் சாருக்கு அடித்தேன். "சார், அது எங்கம்மா. அந்த நம்பரைத் தூக்குங்க."

அவர் குரல் மாறிவிட்டது. "ஐயோ. தூக்கறேம்மா. ஆனா புதுசா ஏத்தணும், எப்படியும் நாப்பது நிமிஷம் ஆகும்."

"மொத்தமா நிறுத்துங்க சார்."

"அதுக்கும் மேலிடத்துல கேக்கணும் கயல். கேக்கறேன், இரு."

நாற்பது நிமிடம். போனிலேயே விளையாட்டைத் திறந்தேன். வேலை பார்ப்பவர்களுக்கு எல்லோர் கடிகாரத்துக்கும் செய்தி அனுப்பும் வசதி உண்டு. 'உதவி எண்ணை அழைக்காதீர்கள்' என்று அனுப்பினேன். மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருந்தவர்களும் அழைக்க ஆரம்பித்தார்கள்.

பண்ணை வாய்க்கால் மதகுக்குப் போய்ப் பார்த்தேன். விளையாட்டு மதகுதான், அசலை விடப் பெரியது, அழகாகவும் இருந்தது. அங்கே முப்பது பேர் கூடியிருந்தார்கள். கைகளில் கடிகாரம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. 'மதகுல மாட்டிக்கிட்டேன்னு அந்த அம்மாகிட்ட யார் சொன்னது?' என்று கேட்டேன்.

'நான்' என்றது சுறா77 என்ற பெயர். 'ஆறு நிமிஷம்தான் மூச்சு இருக்குன்னு சொன்னேன். கண்ணு, செவுத்தைப் புடிச்சிக்க, கயிறு எடுத்துக்கிட்டு வர்றேன்னாங்க. செம நடிப்பு.'

போனைப் பார்த்தபடி நான் அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண்மணி கூடையை மடியில் இழுத்துக்கொண்டு, "யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

பி.முட்லூர் தாண்டியதும் மறுபடி அண்ணன் எண்ணை அடித்தேன். இந்த முறை எங்கேஜ்டு இல்லை. மணி போனது. முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி நின்றது. கொளஞ்சி மாமாவும் எடுக்கவில்லை. சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாடகை கூடப் பேசவில்லை. விரட்டினார்.

மதகுக்கு இந்தப் பக்கமே ஆட்டோ நின்றுவிட்டது. சேற்றில் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். வாய்க்கால் செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டுப் போனது. அம்மா மதகின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குடை இல்லை. கயிற்றின் ஒரு முனை தூணில் கட்டியிருந்தது, மறு முனை தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. கொளஞ்சி மாமா அவள் தோளைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்.

"வான்னா வரமாட்டேங்குது கயலு," என்றார். "கயித்தைப் புடிக்கலயே, புடிக்கலயேன்னு அதையே சொல்லிக்கினு இருக்குது. போனை வேற தண்ணிப் பக்கமே நீட்டி வெளிச்சம் அடிக்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். பயந்து போயிருந்தாள். "கயலு, நான் வர்றதுக்குள்ள போயிடுச்சுடி. ஆறு நிமிஷம்னு சொல்லிச்சு. இந்தக் காலை வெச்சிக்கிட்டு நான் எங்க ஆறு நிமிஷத்துல வர்றது?"

கட்டிக்கொண்டேன். "அது விளையாட்டும்மா. போன்ல விளையாடற விளையாட்டு. யாரும் சாகல. சத்தியமா யாரும் சாகல."

அவளுக்குப் புரிய நேரமானது. மாமாவும் நானுமாகக் கரைக்குக் கூட்டி வந்தோம். ஆட்டோவில் உட்கார வைத்துத் துப்பட்டாவால் தலையைத் துவட்டினேன். உயிரோடு இருக்கிறாள் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணன் நம்பரை எதுக்கும்மா இன்னும் வெச்சிருக்க? மாசாமாசம் ரீசார்ஜ் பண்றியா?"

"வெள்ளம் வந்தப்ப ஊர் ஊரா நம்பர் குடுத்துட்டு வந்தானே," என்றாள். "எந்த நேரமானாலும் கூப்பிடுங்க, வர்றேன்னு. அவன் போனது எல்லாருக்கும் தெரியுமா? எவனாவது கூப்பிட்டு யாரும் எடுக்கலன்னா பாவமில்லையா. நாலு வருஷம் ஒருத்தரும் கூப்பிடல. இன்னிக்குக் காத்தாலேருந்துதான் விடாம அடிச்சிது." என் பக்கம் திரும்பினாள். "அவன் நம்பரு அந்த விளையாட்டுல எப்படி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

அவள் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

"செத்துப்போன நம்பர்னு நெனச்சேம்மா."

"அதுக்கு முன்னாடி கூப்பிட்டுப் பாத்தியா?"

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கம்பெனியிலிருந்து செய்தி வந்தது, எண்ணை எடுத்துவிட்டார்களாம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண் எனக்கு மனப்பாடம். நான்கு வருடத்தில் எத்தனையோ நாள் பத்து இலக்கத்தையும் அழுத்தியிருக்கிறேன். மணி அடித்தால் அதை எடுக்க அவன் இருக்க மாட்டானே என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் அழித்திருக்கிறேன்.

"இல்லம்மா," என்றேன்.

"கூப்பிட்டிருந்தா நான் எடுத்திருப்பேனே," என்றாள்.