கைதட்டினால் கயிறு நழுவும்

ஒரு வாரமாக வீசிய கச்சான் காற்று அடங்கி, பெரியபட்டினம் கரையில் வலை இறங்கிய அன்றைக்குத்தான் போட்டியிடுகிற ரெண்டு பேரும் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். கரைவலை இழுக்கிறவன் கயிற்றை விட்டு ஓடமுடியாது, யார் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஓட்டுக் கேட்கிறவனுக்கு அதைவிடத் தோதான இடம் எது.

வலைக்கு ரெண்டு கயிறு. வடகயிற்றில் பாதிப் பேர், தென்கயிற்றில் பாதிப் பேர். ரெண்டும் சமமாகக் கரையேறினால்தான் மீன் வலையின் நடுப் பையான மடியில் நிற்கும். ஒன்று முந்தினால் வலை கோணி, மீன் போய்விடும்.

முருகம்மாள் வடகயிற்றில் எனக்கு முன்னால் நின்றாள். புது மருமகன் மத்தியானம் முதல்முறையாகச் சாப்பிட வருகிறான். "நல்ல மீனா ஒண்ணு கிடைக்கலைன்னா முருங்கைக்கீரையைத்தான் வைக்கணும். சம்பந்தகாரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா" என்று விடிந்ததிலிருந்து புலம்பல்.

ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒருத்தன், ஆட்டுத் தரகன் கூத்தையா, எங்கள் பக்கம் மணல்மேட்டில் ஏறினான். "தலைவன்னா வாய் வேணும். கலெக்டர் முன்னால நம்ம குறையைச் சொல்ல நாக்கு வேணும். உங்க வீட்டு அடுப்பு எரியலைன்னா என் நெஞ்சு எரியும்."

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். தட்டுவதற்கு ரெண்டு கையும் வேண்டுமே. கயிறு சரசரவென்று கடலுக்குள் ஓடியது. முருகம்மாள் மட்டும் விடாமல் பிடித்துக் குப்புற இழுபட்டாள்.

தென்கயிற்றில் இன்னொருத்தன், எப்போதும் அங்கே இழுக்கிற சோணைமுத்து. மாடு மாதிரி உடம்பு. "பேச்சு என்னத்துக்கு? தலைவன்னா தெம்பு வேணும், பாத்துக்கங்க" என்று கயிற்றைத் தோளில் போட்டு அவன் பாட்டுக்கு இழுத்தான். வலை கோணிக்கொண்டது.

"யா அல்லா, மடி திரும்புது" என்று வலைக்காரர் சதக்கத்துல்லா தலையில் கை வைத்தார்.

முருகம்மாள் எழுந்து மணலைத் துப்பினாள். "ஏலே சோணைமுத்து, கயித்தைப் பிடிச்சபடி நில்லு, இழுக்காத. மத்த ஆளுக இங்கிட்டு வாங்க. ஏலே கூத்தையா, நீ பேசு. கைதட்டுற மாதிரி மட்டும் பேசாத."

"பின்ன எப்படி மதினி பேச?"

"வீட்டுவரியைப் பத்திப் பேசு."

பாவம், பேசினான். எந்தக் கூரைக்கு என்ன வரி, கட்டாவிட்டால் என்ன நோட்டீஸ். ஒருத்தன் தட்டவில்லை. இந்தப் பேச்சு எப்படியாவது முடிந்தால் போதுமென்று நாங்கள் அப்படியொரு இழுவை இழுத்தோம். அந்தப் பக்கம் சோணைமுத்து ஒத்தையாளாக, கடல் இழுத்த இழுப்புக்கு அசையாமல் நின்றான். கயிறு சமமானதும் அவன் ஆட்கள் திரும்பிப் போனார்கள். வலை கரையேறியபோது கூத்தையா சைக்கிள் வரிக்கு வந்திருந்தான்.

மடியில் முக்கால்வாசி சொறி, எதற்கும் உதவாத ஜெல்லிமீன். மிச்சம் காரல், கொஞ்சம் சாளை, ஒரே ஒரு பெரிய பாறை மீன். கயிற்றைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு, அது கரை வழக்கம். எங்களுக்கு ஆளுக்கு ஒரு கை காரல். ஒத்தையாளாகப் பிடித்து நின்றதற்காகப் பாறையைச் சோணைமுத்துவிடம் கொடுத்தார் சதக்கத்துல்லா. பேசினதுக்குப் பங்கு கிடையாது.

சோணைமுத்து பாறையை முருகம்மாளிடம் நீட்டினான். "மருமகனுக்குக் குழம்பு வை மதினி. ஓட்டை மறந்துராத."

வாங்கிக்கொண்டாள். "நல்லா இருப்ப. ஓட்டு கூத்தையாவுக்குத்தான்."

"இது என்ன நியாயம்?"

"நீ செயிச்சா நாற்காலில போய் உக்காந்துருவ. தென்கயித்தை உங்கப்பனா வந்து பிடிப்பான்? கூத்தையா இங்கன நின்னா நமக்கு நட்டம். அங்கன உக்கார வச்சுட்டா அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டுக் கெடப்பான்."

மீனைத் திருப்பிக் கேட்கலாமா என்று சோணைமுத்து யோசித்தான். அதற்குள் அவள் செவுளுக்குள் விரலைக் கோத்து நடையைக் கட்டிவிட்டாள். மருமகன் மூன்று தடவை சோறு வாங்கித் தின்றானாம்.

தேர்தலில் கரையே திரண்டு கூத்தையாவுக்குப் போட்டது. ஊர் தன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையைப் பற்றி அவன் பேசாத கூட்டம் இல்லை.