கேட்டுக்கு வெளியே ஒரு மெழுகுவத்தி

கல்லறைத் திருநாளுக்கு வந்த கூட்டம் முழுவதையும் ஓட்டாகத்தான் பார்த்தார் வேட்பாளர் ஆம்ப்ரோஸ். வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவத்தி, முகத்தில் வாடகைக்கு எடுத்த சோகம். பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நான்கு கட்சிக்காரர்கள். வார்டு தேர்தலுக்கு இன்னும் பத்தே நாள்.

"கொரோனா டைம்ல கவர்ன்மென்ட் என்ன பண்ணிச்சு? நம்ம ஜனங்க பாடிய குப்பை மாதிரி வீசிச்சு. ஒரு ஜெபம் உண்டா, மரியாதை உண்டா? என் கையில பவர் இருந்திருந்தா ஒவ்வொருத்தரையும் மரியாதையா அடக்கம் பண்ணிருப்பேன்!"

கூட்டத்தில் நின்றிருந்தாள் பெர்னதெத். அந்தக் குரல் அவளுக்கு அத்துப்படி. இரண்டாம் அலையில் இறந்த அவள் கணவர் நோயலை ஆம்புலன்ஸில் இங்கே கொண்டுவந்தபோது, பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்குக் குறுக்கே ஸ்கூட்டரைப் போட்டு மறித்தார்கள். அவளிடம் அரசாங்க அனுமதிக் கடிதம் இருந்தது. அவர்களுடைய சங்கச் செயலாளர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் செயலாளர்தான் ஆம்ப்ரோஸ். கடைசியில் நோயலை ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் நிலத்தில் முன்பின் தெரியாதவர்கள் புதைத்தார்கள். எந்தக் குழி என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அன்று எல்லோர் முகத்திலும் மாஸ்க். "நான் அங்க இல்லவே இல்ல" என்று ஆம்ப்ரோஸ் பங்குச் சாமியாரிடமே சாதித்துவிட்டார். மன்னித்துவிடும்மா என்றார் சாமியார். பாவசங்கீர்த்தனத்தில் அவள் எல்லாப் பாவத்தையும் சொல்வாள், இந்த வன்மத்தை மட்டும் சொல்லமாட்டாள். சொன்னால் விட்டுவிடச் சொல்வார்களே!

இன்று நேரே போய் அவரைக் கும்பிட்டாள். அன்று முழுக்கவச உடையில் இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், என் வீட்டுக்காரரும் கொரோனாலதான் போனாரு. அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவீங்களா?"

ஆம்ப்ரோஸுக்கு வாயெல்லாம் பல். "வாம்மா, இதுக்குத்தானே வந்திருக்கேன். டேய், வீடியோ எடுங்கடா!"

கல்லறைகளைத் தாண்டி அவள் விடுவிடுவென்று நடந்தாள். கேட்டையும் தாண்டி, ரோட்டோரத்தில் போய் நின்றாள். வேடிக்கை பார்க்கப் பாதிக் கூட்டம் கூடவே வந்துவிட்டது.

"இங்கதான் சார். ஏத்துங்க."

"இங்க ஏதும்மா கல்லறை? இது ரோடு."

"இங்கதான் ஆம்புலன்ஸ்ல கிடந்தாரு. பர்மிஷன் லெட்டர நீட்டுனேன். நீங்க ஸ்கூட்டர எடுக்கல."

செல்போன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆம்ப்ரோஸ் எரிந்து விழுந்தார்.

"நான் மட்டுமா நின்னேன்? முப்பது பேர் நின்னோம்! என்னை மட்டும் ஏன் கேக்கற?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை வருடமாக மறைத்தது அவர் வாயாலேயே வந்துவிட்டது. பெர்னதெத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒருவர் அவமானத்தில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தோன்றியது. படலாம் என்று முடிவு செய்தாள்.

உள்ளே சாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். அடுத்த வரிசை ஆம்ப்ரோஸின் அம்மா கல்லறை இருக்கும் வரிசை. ஆம்ப்ரோஸ் அவசரமாகக் கேட்டை நோக்கித் திரும்பினார். அதற்குள் பெர்னதெத் கேட்டின் நடுவில் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் வழி விடும்மா. எங்கம்மாவ மந்திரிக்கப் போறாங்க."

கூட்டத்தில் ஒருவர்கூட அவளை நகரச் சொல்லவில்லை.

"நோயல் இங்க மூணு மணி நேரம் வெயில்ல கிடந்தாரு சார்," என்றாள். "இப்ப மணி பத்தேகால். ஒண்ணேகாலுக்கு உள்ள போங்க."