கழித்துப் போட்ட முகம்

வேலம்பாளையத்து மோகன்ராஜ் தன் பெண்டாட்டி பிரிசில்லாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நாலு வருசமாகிறது. முன்னால் போய் நின்றாலும், சுற்றிச் சுற்றி வந்தாலும் அவளுடைய இடப்பக்கம் மட்டும்தான் தெரியும். ஒரு கண், ஒரு காது, பாதி வாய். போட்டோவிலும் அப்படித்தான் விழுகிறாள். ஊராருக்கும் அதே கதைதான், ஒருத்தியைத் தவிர. முதல் வாரம் எல்லோரும் அதையே பேசினார்கள். பிறகு நூல் விலை ஏறியது, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

மோகன்ராஜ் கட்டிங் மாஸ்டராக இருந்து, சொந்தமாகத் தையல் மெசின்கள் போட்டு முதலாளி ஆனவன். முதலாளி ஆனவனுக்கு ஆள் தெரியாது, பீஸ்தான் தெரியும். பிரிசில்லா கல்யாணத்தின்போது கொண்டுவந்த நகை ஒன்றே ஒன்று. மிசன் பங்களாவில் சமையல் செய்த அவள் வீட்டு முன்னோர் ஒருத்திக்கு, கப்பலேறப் போன துரைசானி குத்திவிட்டுப் போன சிப்பிப் பதக்கம். அடி பழுப்பு, மேலே வெள்ளையில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகத்தைக் கத்தியால் செதுக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது சேலைத் தோளில் குத்திக்கொள்வாள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்த வெளிநாட்டு பையர், துணிக்கு ஆர்டர் கொடுக்கிறவன், அதைப் பார்த்தான். இதே மாதிரி லேடீஸ் டாப்ஸில் வைத்தால் ஆர்டர் உண்டு என்றான். மோகன்ராஜ் அவளைக் கேட்கவில்லை, தோளிலிருந்து கழற்றினான். இந்த ஊரில் சாம்பிள் என்று ஒன்று கைக்கு வந்தால் அதை மூட்டை மூட்டையாக்காமல் விடமாட்டார்கள். பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். அதில் ஒன்றை பையர் கவரில் போட்டு, கையெழுத்தும் போட்டு, அப்ரூவ்டு சாம்பிள், இதோடு சேராததைக் கழித்துவிடு என்று கொடுத்தான். வார்த்தவனோ நகல்களையும் அசலையும் ஒரே சாக்கில் கொட்டி அனுப்பிவிட்டான்.

மோகன்ராஜ் சாக்கில் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது வெதுவெதுன்னு இருக்குது. என்னுது சில்லுனு இருக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள. எவன் கண்டுபுடிப்பான்?"

அப்போது திருப்பியதுதான் முகம். பக்கத்தில் படுத்திருப்பவள் எந்தப் பக்கம் புரண்டாலும் தன்னைப் பார்ப்பதில்லை என்பது, ஆர்டர் முடிந்து கை ஓய்ந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. பதக்கம் கிடைத்தால் திரும்புவாயா என்று கேட்டான். "கெடைக்கட்டுமுங்க, பாக்கலாம்" என்றாள்.

கோயமுத்தூரிலிருந்து பூபாலன் என்பவனைக் கூட்டிவந்தான். பழைய நகை சோதிக்கிறவன். இந்த மாதிரிப் பதக்கத்துக்கு கேமியோ என்று பேர் சொல்லி லென்ஸை வெளியே எடுத்தான். லென்ஸ் வைத்திருப்பவன் சொன்னால்தான் இங்கே எதுவும் உண்மை. துணியில் ஓட்டை பார்க்கிற கண்ணாடி மேசைமேல் ஆர்டருக்குப் போக மிஞ்சிய சாக்கைக் கொட்டி, அடியில் டியூப் லைட்டைப் போட்டார்கள். பிளாஸ்டிக் எல்லாம் மங்கிக் கிடந்தது. ஒன்று மட்டும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி சிவந்தது. கன்னத்தில் வைத்தால் சில்லென்றது. அதன் முதுகு சிப்பி மாதிரியே குழிந்திருந்தது. லென்ஸில் கத்திக் கீறல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்தது.

"சிப்பிதானுங்க, கைவேலைதான்" என்றான் பூபாலன். "ஆனா இதுல இருக்கற அம்மா நேரா பாக்குதுங்களே. உங்களுது சைடுன்னீங்க?"

மோகன்ராஜ் அப்ரூவ்டு சாம்பிளைப் பக்கத்தில் வைத்தான். சாம்பிளில் இருந்தவள் இடப்பக்கம் பார்த்தாள். சிப்பியில் இருந்தவள் அவன் மூஞ்சியையே பார்த்தாள். அகலமான நெற்றி, லேசாகக் கோணிய உதடு.

"இது உன்னுதா புள்ள?"

"பாத்தாத் தெரியலீங்களா?" என்றது அந்தப் பாதி வாய்.

அவன் இன்னொரு தரம் பார்த்தான். "சாம்பிளோட சேரலை. முகம் வேற" என்று சொல்லி ரிஜெக்ட் பெட்டியில் போட்டான். பிரிசில்லா அடுப்படிக்குப் போனாள்.

ரிஜெக்ட்டில் கிடப்பதையும் இந்த ஊர் வீணாக்காது. எவளோ அதை ஒரு ஓட்டை டாப்ஸில் தைத்தாள். பொங்கலுக்கு அதை மலிவாக வாங்கிப் போட்டுக்கொண்டவள் ஒச்சம்மாள், பிரிசில்லா முகம் திருப்புவதற்கு முன்பே மதுரைப் பக்கத்திலிருந்து, தைத்த துணியில் பழுது பார்க்கிற செக்கிங் வேலைக்கு வந்தவள். மறுநாளே மோகன்ராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, மதினி மூஞ்சிய எவண்ணே என் சட்டையில தச்சது? அச்சு அசலா இருக்கு!"

தான் கழித்துப் போட்டது பெண்டாட்டியின் முகத்தை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்து அவனே தையலை வெட்டி, பெண்டாட்டியின் கையில் வைத்தான். அவள் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துத் தோளில் குத்திக்கொண்டாள். பிறகு திரும்பினாள், ஒச்சம்மாளைப் பார்த்து. மோகன்ராஜ் ஒச்சம்மாளின் தோளோடு தோள் உரச நின்றும் பார்த்தான். அவனுக்கு அதே காதுதான் தெரிந்தது.

ஒச்சம்மாளிடம், "அந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டான்.

"மதினிக்கு வயசாயிருச்சுண்ணே" என்றாள் ஒச்சம்மாள்.

அதற்குப் பிறகு அவன் யாரையும் கூட்டிவரவில்லை. சாப்பாடு போடச் சொல்வதென்றாலும், சர்ச்சுக்குக் கிளம்பச் சொல்வதென்றாலும் அவள் காதைப் பார்த்துத்தான் பேசுகிறான். காது நன்றாகவே கேட்கிறது.